பதிவேட்டில் பெயர் இல்லாத ஆள்: எஃப்.பி.ஐ.யின் கார்னிவோர் பெட்டி

2000 மார்ச் 16 அன்று எஃப்.பி.ஐ. ஒரு மென்பொருளை ஓடவிட்டது. டென்வரில் நடந்த ஒரு விசாரணைக்காக. பின்லேடன் வலையமைப்பைக் கவனிப்பதற்கென்றே தலைமையகத்தில் இருந்த பிரிவு கையாண்ட வழக்கு அது. வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின்கீழ் முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள். குறிப்பிட்ட இலக்கின் மின்னஞ்சலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தரவு. மென்பொருள் அதைப் பிடித்தது. கூடவே உத்தரவில் இல்லாத மற்றவர்களின் மின்னஞ்சலையும் அள்ளிக்கொண்டது.

அப்புறம் நடந்ததுதான் விநோதம். அங்கே இருந்த எஃப்.பி.ஐ. தொழில்நுட்பப் பணியாளர் மிகவும் மனம் கலங்கிப்போய், பிடித்த அஞ்சல் மொத்தத்தையும் அழித்துவிட்டார் போலிருக்கிறது, இலக்கினுடையதையும் சேர்த்து. ‘போலிருக்கிறது’ என்பது என் சொல் அல்ல. 2000 ஏப்ரல் 5 தேதியிட்ட எஃப்.பி.ஐ. உள் மின்னஞ்சலிலேயே அப்படித்தான் இருக்கிறது. தலைமையகத்தின் தேசப் பாதுகாப்புச் சட்ட ஆலோசகருக்குப் போன கடிதம் அது. உளவு உத்தரவுகளைச் சரிபார்க்கும் நீதித் துறை (நீதிமன்றம் அல்ல, அரசின் அமைச்சகம்) அலுவலகம் கொதித்துப்போயிருந்தது என்பதை அதை எழுதியவர் மறைக்கவில்லை. ‘வருத்தத்தில் இருக்கிறார்கள்’ என்று சொன்னால் அது நம்ப முடியாத அளவுக்குக் குறைத்துச் சொல்வதாகும் என்ற பொருளில் எழுதியிருந்தார்.

இந்தக் கடிதம் வெளியே வர இரண்டு வருடம் ஆனது. அழிக்கப்பட்டதாகச் சொல்வது தவறு, அஞ்சல்கள் பத்திரமாக இருக்கின்றன என்று பெயர் சொல்லாத அதிகாரி ஒருவர் அப்போது செய்தியாளர்களிடம் சொன்னார். எது சரியோ. பிடித்த அஞ்சல் இருக்கிறதா, போய்விட்டதா என்பதிலேயே அந்த அமைப்புக்குள் இரண்டு பேச்சு இருந்திருக்கிறது. அந்த மென்பொருள் ஓடிய கணினிப் பெட்டியை இயக்கியது யார், எந்த நேரத்தில் எதைத் தொட்டார் என்று பெட்டியே குறித்துவைத்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. அந்த மென்பொருளின் பெயர் கார்னிவோர். ஊனுண்ணி. விசாரணைக்கு வேண்டிய ‘கறியை’ மட்டும் எடுக்கும் என்பதால் அந்தப் பெயராம்.

பெட்டிக்குள் என்ன

பெயருக்கு ஏற்ற பூதம் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடையில் வாங்கக்கூடிய பென்டியம் கணினி ஒன்று, அதில் விண்டோஸ் என்.டி. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. தரவு சேமிக்க 2 ஜிகாபைட் ஜாஸ் டிஸ்க் ஒன்று, அதற்குப் பூட்டு. அந்தக் காலத்தில் ஜாஸ் டிஸ்க் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பழைய கேசட்டைப் போலத் தடியாக, கழற்றி மாட்டும்படி இருக்கும். இந்தப் பெட்டியைக் கொண்டுபோய் இணையச் சேவை நிறுவனத்தின் அறையில் வைத்து, அவர்கள் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்துச் செருகுவார்கள். கிளை ஒருவழிப் பாதை. பெட்டி கேட்கும், பேசாது. அதனால் நிறுவனத்தின் வலையமைப்பை அது குழப்பாது என்பது எஃப்.பி.ஐ.யின் வாதம்.

ஒரு போன் இணைப்பும் மோடமும் தனியாக உண்டு. அதன் வழியே எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் உட்கார்ந்தபடி ‘பிசி எனிவேர்’ என்ற சாதாரணக் கடைச் சரக்கு மென்பொருளால் பெட்டியை இயக்கலாம். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்ற ஃபில்டரை மாற்றலாம், ஓடவிடலாம், நிறுத்தலாம், பிடித்ததை இறக்கிக்கொள்ளலாம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1997-ல் சோலாரிஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய ஆம்னிவோர், அதாவது எல்லாம் தின்னி. அதை விண்டோஸுக்கு மாற்றியபோதுதான் பெயரும் ஊனுண்ணி ஆனது. பிடித்த பாக்கெட்டுகளை, அதாவது இணையத்தில் துண்டு துண்டாக ஓடும் தரவை, கோத்து மறுபடி கடிதமாக்க ‘பாக்கெட்டியர்’, அதைத் திரையில் காட்ட ‘கூல்மைனர்’ என்று இரண்டு துணை மென்பொருள்கள். மூன்றும் சேர்ந்தால் ‘டிராகன்வேர்’. பெயர் வைத்தவர்களுக்கு இப்படியொரு வழக்கு வரும் என்ற நினைப்பே இருந்திருக்காது. இருந்திருந்தால் சைவமாக ஏதாவது வைத்திருப்பார்கள்.

எர்த்லிங்க் ஏன் மறுத்தது

கலிபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த எர்த்லிங்க் அப்போது அமெரிக்காவின் பெரிய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்று. 1999 கடைசியில் அவர்கள் வாசலுக்கு ஒரு நீதிமன்ற உத்தரவு வந்தது. ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் யாரிடமிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்ற விவரம் மட்டும் வேண்டும். அதைப் பிடிக்க எங்கள் பெட்டியை உங்கள் இடத்தில் வைக்க வேண்டும்.

இந்த வகை உத்தரவுக்குப் ‘பென் ரெஜிஸ்டர்’ என்று பெயர். டெலிபோன் காலத்துச் சமாசாரம். ஒருவர் எந்த எண்களுக்கு டயல் செய்கிறார் என்று மட்டும் குறிக்கும் கருவி, பேச்சைக் கேட்காது. டயல் செய்த எண் டெலிபோன் கம்பெனிக்குத் தெரிந்ததுதானே, அதில் என்ன ரகசியம் என்று 1979-ல் ஸ்மித் எதிர் மேரிலாண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இந்த உத்தரவு வாங்குவது மிக எளிது. நடக்கிற விசாரணைக்கு இது தேவைப்படும் என்று அரசு வழக்கறிஞர் எழுதிக்கொடுத்தால் போதும், நீதிபதி கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆதாரத்தை அவர் துருவிப் பார்ப்பதில்லை. பேச்சையோ கடிதத்தையோ முழுதாகப் படிக்க வேண்டுமென்றால் கதை வேறு. 1968-ன் ஒட்டுக்கேட்புச் சட்டப்படி குற்றத்துக்கான நியாயமான முகாந்திரம் காட்ட வேண்டும், நீதித் துறையின் மேல்மட்டம் ஒப்ப வேண்டும், மற்ற வழிகள் ஏன் பலிக்கவில்லை என்றும் விளக்க வேண்டும். 1986-ல் அந்தப் பாதுகாப்பு மின்னஞ்சலுக்கும் நீண்டது.

ஆக ஒன்று கைக்கெட்டும் கதவு, இன்னொன்று கோட்டைக் கதவு. டெலிபோனில் இரண்டும் தனித்தனியாக இருந்தன. மின்னஞ்சலில் அப்படி இல்லை. முகவரியும் கடிதமும் ஒரே ஓட்டத்தில், துண்டு துண்டான பாக்கெட்டுகளாக வருகின்றன. அதே கம்பியில் மற்ற வாடிக்கையாளர்களின் பாக்கெட்டுகளும் ஓடுகின்றன. ‘யாருக்கு’ என்ற ஒரு வரியை எடுக்க வேண்டுமென்றால் அவ்வளவையும் ஏதோ ஒரு கண் பார்த்தாக வேண்டும். தபால் நிலையத்தில் ஊரின் போஸ்ட்கார்டு மொத்தத்தையும் ஒருவர் கையில் கொடுத்து, இந்த ஒரு தெருவின் முகவரியை மட்டும் பார், பின்பக்கத்தைத் திருப்பாதே என்று சொல்வது போல.

எர்த்லிங்கின் நிலை நேரடியானது. விவரத்தை நாங்களே எடுத்துத் தருகிறோம், உங்கள் பெட்டி எங்கள் அறைக்குள் வேண்டாம். உள்ளே என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது, உத்தரவில் உள்ளதை மட்டும்தான் எடுக்கிறது என்று சரிபார்க்க எங்களுக்கு வழி இல்லை. வழக்கு மூடிய கதவுக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நடந்தது. 2000 பிப்ரவரியில் நிறுவனம் தோற்றது. பெட்டி உள்ளே வந்தது.

வந்ததும் வேறு வகையில் வம்பு ஆரம்பித்தது. எர்த்லிங்கின் சர்வர்களில் இருந்த இயங்குதளத்தோடு பெட்டி ஒத்துப்போகவில்லை. பழைய பதிப்பை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார்கள், வாடிக்கையாளர்கள் டயல் செய்து நுழையும் சர்வர்கள் படுத்துவிட்டன. சர்வர் அறையில் வேலை பார்த்த எவருக்கும் இந்த இடத்தில் வயிறு கலங்கும். போன் அடிக்கும் வாடிக்கையாளரிடம், உள்ளே போலீஸ் பெட்டி இருக்கிறது, அதனால் பழைய பதிப்புக்குப் போனோம் என்று சொல்லவும் முடியாது, உத்தரவு ரகசியம். கடைசியில் எர்த்லிங்க் முதலில் கேட்டதுதான் நடந்தது. விவரத்தை நிறுவனமே எடுத்துத் தரும், பெட்டி வேண்டாம் என்று எஃப்.பி.ஐ.யோடு ஒப்பந்தம் ஆனது.

வெளிச்சம்

2000 ஏப்ரல் 6 அன்று நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு ஒன்றில் ராபர்ட் கார்ன்-ரெவர் என்ற வழக்கறிஞர் சாட்சி சொன்னார். தன் கட்சிக்கார நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னார். இப்படியொரு கருவி இருப்பது பொதுவெளிக்கு வந்தது அப்போதுதான். டென்வர் கடிதம் எழுதப்பட்ட மறுநாள் அது. இரண்டு பக்கத்தாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. காலண்டர் மட்டும் அப்படி விழுந்திருக்கிறது.

ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதிய பிறகு தீ பிடித்தது. ஜூலை 24 அன்று விசாரணை. எஃப்.பி.ஐ. ஆய்வகத்தின் தலைவர் டொனால்ட் கெர் வந்து, அந்த ஆண்டில் இதுவரை 16 முறை பயன்படுத்தினோம், அதில் 10 தேசப் பாதுகாப்பு விவகாரங்கள் என்றார். அறுவைச் சிகிச்சை போன்ற துல்லியம் என்பது எஃப்.பி.ஐ. அப்போது திரும்பத் திரும்பச் சொன்ன உவமை. உத்தரவில் உள்ளதை மட்டும் வெட்டி எடுக்கும், மற்றதைத் தொடாது. நான்கு மாதத்துக்கு முன் டென்வரில் கத்தி எங்கே போனது என்று அந்தக் கூடத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது.

குறுக்குக் கேள்வியில் கட்சி பேதம் இல்லை என்பதையும் குறிக்க வேண்டும். கீழவைக் குடியரசுக் கட்சித் தலைவர் டிக் ஆர்மியும் எதிர்த்தார், குடிமை உரிமைச் சங்கங்களும் எதிர்த்தன. மூல நிரலை வெளியிடுங்கள் என்று சங்கங்கள் கேட்டன. தர மாட்டோம், தப்பிக்க வழி தேடுவார்கள் என்றது அரசு.

நடுநிலை ஆய்வாளர் தேடிய கதை

அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரெனோ, பல்கலைக்கழகம் ஒன்று சுதந்திரமாக ஆராயட்டும் என்றார். எம்.ஐ.டி., பர்டியூ, டார்ட்மத், மிச்சிகன், சான் டியாகோ எல்லாம் ஒதுங்கின. நிபந்தனைகள் அப்படி. எதை ஆராயலாம், யார் ஆராயலாம், அறிக்கையில் எது வெளிவரும் எல்லாவற்றிலும் நீதித் துறைக்குக் கடைசிச் சொல். எங்கள் நற்பெயரைக் கடன் கேட்கிறார்கள், அது விற்பனைக்கு இல்லை என்ற பொருளில் எம்.ஐ.டி.யின் ஜெஃப்ரி ஷில்லர் சொன்னார்.

இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆய்வுக் குழுவினரின் பெயர்களைக் கறுப்பு மை பூசி மறைத்து, அந்த நிறுவனத்தின் முன்மொழிவை நீதித் துறை இணையத்தில் போட்டது. பி.டி.எஃப். கோப்பில் கறுப்புக் கட்டத்தை எழுத்தின்மேல் வைத்தார்கள், எழுத்தை எடுக்கவில்லை. கட்டத்தை நகர்த்தியவர்களுக்குப் பெயர்கள் கிடைத்தன. நாட்டின் அஞ்சலைத் துல்லியமாக வடிகட்டுவோம் என்று சொன்ன துறை அது.

அறிக்கையின் வரைவு நவம்பரிலும் இறுதி வடிவம் டிசம்பரிலும் வந்தன. தலைப்புச் செய்தி அரசுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. சரியாக அமைத்தால் பெட்டி உத்தரவுக்கு மேல் எடுக்காது, எல்லோர் அஞ்சலையும் படிக்கும் திறன் அதற்குக் கிடையாது. இதை மறைக்க வேண்டியதில்லை. ‘எல்லார் மெயிலையும் எஃப்.பி.ஐ. படிக்கிறது’ என்று அன்று கத்தியவர்கள் மிகைப்படுத்தினார்கள். 2 ஜிகாபைட் டிஸ்க்கில் ஊர் மொத்தத்தையும் அடக்க முடியாது.

ஆனால் உள்ளே போய்ப் படித்தால் வேறு விஷயங்கள். ஃபில்டர் அமைக்கும் திரையில் மூன்று தேர்வுகள்: முழுவதும், பென், எதுவுமில்லை. கைக்கெட்டும் கதவுக்கும் கோட்டைக் கதவுக்கும் நடுவே மவுஸால் ஒரு சொடுக்கு. உத்தரவு எந்த வகையோ அதற்கேற்ற பொத்தானைத்தான் அழுத்துவார்கள் என்பதற்கு அழுத்துபவரின் நேர்மை தவிர உத்தரவாதம் இல்லை. இரண்டுக்கும் தனித்தனி மென்பொருள் வையுங்கள் என்று ஆய்வுக்குழு பரிந்துரைத்தது.

பென் தேர்வில் வைத்தாலும் ஒன்று நடந்தது. அனுப்பியவர், பெறுபவர் முகவரிகளை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளின் மேல் எல்லாம் பெட்டி ‘எக்ஸ்’ போட்டது. எழுத்துக்கு ஒரு ‘எக்ஸ்’. பொருள் வரியில் பன்னிரண்டு எழுத்து இருந்தால் பன்னிரண்டு ‘எக்ஸ்’. என்ன எழுதினார் என்று தெரியாது, எவ்வளவு எழுதினார் என்று தெரியும். ஒரு வரிப் பதிலா, நீண்ட கடிதமா என்பதும் தெரியும். இது உறையா, கடிதமா? 1979 தீர்ப்பில் இதற்குப் பதில் கிடையாது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது ஒரு சின்னக் குறிப்பு. பெட்டிக்குள் யார் நுழைந்தாலும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற ஒரே பெயரில்தான் நுழைந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு. ஃபில்டரை மாற்றியது யார், எப்போது மாற்றினார், பிறகு பழையபடி வைத்தாரா என்பதற்குப் பதிவேடு இல்லை. ஒரு பத்துப் பேர் அலுவலகத்தில்கூட, பொதுப் பாஸ்வேர்டில் யார் கோப்பை அழித்தார்கள் என்று தெரியாமல் சண்டை வரும். இங்கே போன் இணைப்பு மூலம் எங்கிருந்தோ இயக்கக்கூடிய பெட்டி, நீதிமன்ற உத்தரவு, ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சாட்சியம். அதைத் தொட்ட கைக்குப் பெயர் இல்லை. கார்னிவோரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அது எவ்வளவு தின்னும் என்பதைச் சுற்றியே ஓடியது. ஊட்டியது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது என்பதுதான் என் பார்வையில் இந்த வழக்கின் நடு முள்.

ஸ்டீவன் பெல்லோவின், மாட் பிளேஸ், யூஜீன் ஸ்பாஃபோர்ட் முதலிய கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் வரைவைப் படித்துவிட்டு, இந்த ஆய்வை வைத்து மென்பொருள் சரியானது, பாதுகாப்பானது என்று சொல்லவே முடியாது என்று எழுதினார்கள். எஃப்.பி.ஐ. செய்தது வேறு. 2001 தொடக்கத்தில் பெயரை மாற்றியது. ஊனுண்ணி போய் ‘டிசிஎஸ்-1000’ வந்தது. வாயில் நுழையாத பெயருக்கு யாரும் பயப்பட மாட்டார்கள் என்ற கணக்கு. பலித்தது என்றும் சொல்லலாம்.

கடிதம் வெளியே வந்த வழி

எபிக் என்ற தனியுரிமை அமைப்பு 2000 ஜூலையிலேயே தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் மனுப்போட்டிருந்தது. பதில் வராததால் வழக்கு. அக்டோபரில் முதல் கட்டு வந்தது, பக்கம் பக்கமாக மறைத்து. இன்னும் இருக்க வேண்டும் என்று எபிக் விடவில்லை. 2002 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் ராபர்ட்சன், மறுபடி தேடிப் பாருங்கள் என்று உத்தரவிட்டார். தேடினார்கள். மே மாதம் வந்த கட்டில்தான் அந்த ஏப்ரல் 5 கடிதம் இருந்தது. ஒரு வாரம் கழித்து எழுதப்பட்ட இன்னொரு குறிப்பும் இருந்தது. தவறாகத் தரவு பிடிக்கும் போக்கு கார்னிவோருக்கு உண்டு, இப்படிப் பிடிப்பது குடிமக்களின் தனியுரிமையை மீறுவதோடு நடக்கிற விசாரணையையும் கெடுத்துவிடும் என்று அதில் எஃப்.பி.ஐ.க்குள்ளேயே எழுதியிருந்தார்கள். வெளியே அறுவைச் சிகிச்சை, உள்ளே இது.

ஆனால் 2002 மே மாதத்துக்குள் உலகமே வேறு. செப்டம்பர் 11 நடந்து, 2001 அக்டோபர் 26 அன்று பேட்ரியட் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. அதன் 216-ஆம் பிரிவு பென் ரெஜிஸ்டர் உத்தரவை இணையத்துக்கும் வெளிப்படையாக நீட்டியது. எர்த்லிங்க் மாஜிஸ்ட்ரேட் முன் எழுப்பிய சட்டக் கேள்வி அத்தோடு தீர்ந்தது. ஒரே உத்தரவு நாடு முழுவதும் செல்லும் என்றும் ஆனது.

அதே பிரிவுக்குள் ஒரு சின்ன ஏற்பாட்டையும் நுழைத்திருந்தார்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. புலனாய்வு அமைப்பு தன் சொந்தக் கருவியைச் சேவை நிறுவனத்தின் வலையமைப்பில் பொருத்தினால் பதிவேடு வைக்க வேண்டும். பொருத்திய அதிகாரி யார், தொட்ட அதிகாரி யார், எந்தத் தேதி, எந்த நேரம், எவ்வளவு நேரம், தொடக்கத்தில் எப்படி அமைத்தார்கள், பிறகு எதை மாற்றினார்கள், என்ன கிடைத்தது. உத்தரவு முடிந்த 30 நாளுக்குள் அதை நீதிமன்றத்தில் முத்திரையிட்டு ஒப்படைக்க வேண்டும். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற முகமூடிக்குச் சட்டம் தந்த பதில் அது. கார்னிவோரை எதிர்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் கிடைத்த ஒரே வெற்றி என்றுகூடச் சொல்லலாம்.

பதிவேடு வந்தது, பெட்டி போனது. நாடாளுமன்றம் கேட்ட வருடாந்தர அறிக்கைகளில் எஃப்.பி.ஐ. கணக்குக் கொடுத்தது: 2002 நிதியாண்டில் 5 முறை, 2003-ல் 8 முறை இணையக் கண்காணிப்பு. ஒன்றில்கூடக் கார்னிவோர் இல்லை, கடையில் கிடைக்கும் மென்பொருளே போதுமாக இருந்தது. அதோடு, வேலையைச் சேவை நிறுவனங்களையே செய்யச் சொல்லிச் செலவைக் கொடுத்துவிடும் வழக்கமும் பெருகியது. 2005 ஜனவரியில் இந்தச் செய்தி வந்தபோது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. பூதம் செத்துவிட்டது என்ற மாதிரிதான் எழுதினார்கள்.

அதே ஆண்டு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இன்னொன்று செய்தது. போன் கம்பெனிகள் ஒட்டுக்கேட்க வசதி வைத்திருக்க வேண்டும் என்ற 1994-ன் சட்டத்தைப் பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கும் நீட்டியது. 2007 மே 14-க்குள் எல்லோரும் தயாராக வேண்டும். இனி யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, வசதி நிறுவனத்தின் கருவிக்குள்ளேயே இருக்கும். நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று எர்த்லிங்க் கெஞ்சிக் கேட்டது நாட்டின் விதியாகிவிட்டது.

பதிவேடு பற்றிய பிரிவை யாரும் நீக்கவில்லை. அமைப்பு ‘தன் சொந்தக் கருவியை’ப் பொருத்தும்போது மட்டும் அது பொருந்தும்.